வாத்துக்கு மட்டும் என்ன தனி

ஜூன் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

போனில் நான்தான் பேசுகிறேன், உன்னைப் பேச விடுவதில்லை, இனி எழுதினால்தான் பதில் என்று உன் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். தராசு ரிப்பேர் பார்க்கிற கைக்குப் பேனா பழக்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நானும் அம்மாவும் நலம். நீ என்னிடம் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனதில் உன் மாமியாருக்கும் வருத்தம்தான், வெளியே காட்டவில்லை. உன் கோழிகளும் வாத்துகளும் சௌக்கியம். காலையில் நீ இரண்டு பாத்திரம், மூன்று டப்பா என்று பரப்பிக்கொண்டு செய்ததையெல்லாம் நான் ஒரே மூட்டையாக்கிவிட்டேன். முட்டைக்கோழித் தீவனம். "வாத்துக்குஞ்சு இருக்குன்னா வேற பாருங்க சார்" என்றார் கடைக்காரர். "வாத்துக்கு மட்டும் என்ன தனியா? எல்லாம் ஒரே கொட்டகைதானே" என்று சொல்லி வாங்கி வந்தேன். நம் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். யாருக்கும் ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

ஒன்றுதான் புரியவில்லை. வாத்துகள் தீவனத்தை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடி ஓடுகின்றன. பாதி வழியில் கொட்டிவிடுகின்றன. கணக்கு உதைக்கிறது. ஏன் என்று எழுது.

எப்போது வருகிறாய்?

உன் தராசு

ஜூன் 8

தராசுக்காரருக்கு,

எழுதச் சொன்னது நான், அதனால் பதில் எழுதுகிறேன்.

வாத்து தண்ணீர் இல்லாமல் விழுங்காது. தீவனத்துக்குப் பக்கத்திலேயே, மூக்கு முழுகும் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தரை சேறாகும். தினமும் கழுவ வேண்டியதுதான்.

அந்த மூட்டையை உடனே மாற்றுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து நிறையச் சேர்த்திருப்பார்கள். வளரும் குஞ்சுக்கு அது ஆகாது. வளரும் கோழிக்கான தீவனம், மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்கினால் எல்லாவற்றுக்கும் போடலாம். முட்டையிடுகிறவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியது வேண்டிய மட்டும் தின்னும், நிறுக்க வேண்டாம். வாத்துக்குஞ்சுகளுக்கு மட்டும் தீவனத்தின் மேல் ஈஸ்ட் தூள் தூவ வேண்டும். கோழிக்குஞ்சைவிட அவற்றுக்கு ஒரு சத்து கூடுதலாகத் தேவை. கிடைக்காவிட்டால் கால் வளைந்துவிடும். பச்சை மூடி போட்ட டப்பா, சமையலறை அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது.

குஞ்சுகள் நாலும் எப்படி இருக்கின்றன? கடைக்குட்டி மற்றவற்றோடு சேர்ந்து ஓடுகிறதா?

ஜூன் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தில் மேலே அன்பும் இல்லை, கீழே பெயரும் இல்லை. தீவனக் கம்பெனியிலிருந்து வந்தது போல இருந்தது. ஆனாலும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாலும் நன்றாக இருக்கின்றன. கடைக்குட்டி துள்ளி ஓடுகிறது. தண்ணீரைப் பக்கத்தில் வைத்தேன், கொட்டகை குளமாகிவிட்டது, அம்மா திட்டுகிறாள். மூட்டையில் பாதி மிச்சம் இருக்கிறது. வீணாக்க மனமில்லை. தீர்ந்ததும் மாற்றிவிடுகிறேன்.

பின் அறைத் தாழ்ப்பாள் என் கருவிப் பெட்டியிலேயே கிடக்கிறது. ஸ்க்ரூ தேடும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு என்ன தூக்கம் என்று அன்றைக்குக் கழற்றியதுதான். வீட்டு வேலையை அம்மாவுக்குப் பாதி, உனக்குப் பாதி என்று சரியாகத்தான் பிரித்தேன். அதில் என்ன அநியாயம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இருந்தாலும் அந்தத் தாழ்ப்பாளைப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

எப்போது வருகிறாய்?

உன் தராசு

ஜூன் 19

தராசுக்காரருக்கு,

முட்டை வாங்குகிற பேக்கரி அண்ணன் போன் செய்தார். "வாத்துக்குஞ்சு ஒண்ணைக் காணோம்மா. மத்ததும் எழுந்திருக்க முடியாம உக்காந்திருக்கு. சார்கிட்ட கேட்டா பேச்சை மாத்துறாரு" என்றார். காணாமல் போனது எது என்று நான் கேட்கவில்லை. பொய் எழுதுவதற்கா உங்களைக் கடிதம் எழுதச் சொன்னேன்?

நீங்கள் கேட்காததால் சொல்லாமல் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்கா என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவாம். "இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா நின்னு வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். படியேறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று உங்களிடம் சொன்னபோது, "அம்மா இந்த வயசுல செய்யறாங்க, உனக்கு மட்டும் என்ன தனியா?" என்றீர்கள். அதே வார்த்தையைத் தீவனக் கடையிலும் சொன்னதாக எழுதியிருந்தீர்கள்.

எப்போது வருகிறாய் என்று இனிமேல் எழுதாதீர்கள்.

ஜூன் 27

சின்னவளுக்கு,

செத்தது கடைக்குட்டிதான்.

உன் முதல் கடிதம் வந்தபோதே அது கால் மடங்கி உட்கார்ந்திருந்தது. உயிர் இருந்தது. அன்றைக்கே மூட்டையை மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். பாதி மூட்டை வீணாகிறதே என்று பார்த்தேன். அதன் பங்கை நிறுத்து அதன் முன்னாலேயே வைத்தேன். சரியான அளவுதான். தட்டு அப்படியே இருந்தது. காலையில் வேலியோரம் புதைத்துவிட்டு, சாயங்காலம் உட்கார்ந்து உனக்குத் துள்ளி ஓடுகிறது என்று எழுதினேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எழுதினேனோ தெரியவில்லை.

மிச்ச மூட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு மூட்டையை எடுத்துக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நீ எழுதியபடி எல்லாம் செய்கிறேன். பச்சை மூடி டப்பாவை உன் இரண்டாம் கடிதம் வந்த அன்றுதான் இறக்கினேன். இரண்டு குஞ்சு எழுந்துவிட்டன, ஒன்று இன்னும் காலை இழுக்கிறது. கிளிஞ்சல் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முட்டையிடுகிற கோழிகள் வந்து கொத்தின. குஞ்சுகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. தனக்கு எது வேண்டும் என்று அதுகளுக்குத் தெரிகிறது. நீயும் உனக்கு என்ன முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாய். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உனக்கு மூச்சு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, சாக்கு சொல்கிறாய் என்று நினைத்தேன். மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்கிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நடந்ததை நானும் பாத்தேன்டா. பாதி வேலை குறையுதேன்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன்" என்றாள். அப்புறம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை.

தராசு

ஜூலை 5

தராசுக்காரருக்கு,

கடைக்குட்டிக்காக அழுதேன். நீங்கள் மறைத்ததில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது சீக்கிரம் போகாது. போனதாக நடிக்கவும் மாட்டேன்.

காலை இழுக்கிற குஞ்சைத் தனியாக வைக்கோல் மேல் விடுங்கள். வழுக்குகிற தரை வேண்டாம். தட்டும் தண்ணீரும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். எழுந்து நின்றால் அவசரப்படுத்தாதீர்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டுப் பழக்கமில்லாததால் எனக்கும் உடனே தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அந்தத் தாழ்ப்பாளைப் பின் அறைக் கதவில் திரும்பப் பொருத்துங்கள். உள்பக்கம். பொருத்தியதும் எழுதுங்கள், எந்த பஸ் என்று சொல்கிறேன்.

வந்ததும் குஞ்சுகளைப் பார்ப்பேன். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் தட்டாதீர்கள். நானாக எழுந்து வருவேன்.

சின்னவள்