தலையணை வைத்த செந்தூரா

மூக்கண்டப்பள்ளி,
சனிக்கிழமை

அன்புள்ள ப்ரியா,

வேர் பாதி வெளியே வந்து சாய்ந்து கிடக்கும் ஒரு மாமரம் எத்தனை நாள் தாங்கும்? புதன்கிழமையிலிருந்து தெருவே என்னிடம் இதைத்தான் கேட்கிறது, எனக்குப் பதில் தெரியவில்லை. காலேஜில் தாவரவியல் பாடம் எடுக்கிறவள் என்றால் எல்லா மரத்துக்கும் ஜாதகம் சொல்வாள் என்று நினைக்கிறார்கள். நான் ஆராய்ச்சி செய்தது குளத்துப் பாசியை. அதைச் சொன்னால் பக்கத்து வீட்டு வெங்கடம்மா, அப்போ மரத்தைப் படிச்சவங்க யாரும்மா, அவங்க போன் நம்பராவது குடு என்கிறார்.

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் டப்ளினில் அப்படியே இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன்மா என்பதற்கு மேல் நீ ஒன்றும் சொல்வதில்லை. நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவர் பக்கத்தில் இல்லாமல் நான் உன்னோடு பேசி மாதக்கணக்காகிறது. அதனால்தான் இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து மெயிலில் அனுப்பப் போகிறேன், பொறுமையாகப் படி.

புதன்கிழமை சாயங்காலம் அடித்த காற்றைப் பற்றி அப்பா உனக்குச் சொல்லியிருப்பார், அவர் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள். சிப்காட் பக்கம் ஷெட் தகரங்கள் பறந்தது உண்மை, நம் தெருவில் கரண்ட் ஒருநாள் முழுக்க இல்லாததும் உண்மை. நம் வீட்டு செந்தூரா மாமரம் முறியவில்லை, அப்படியே படுத்துவிட்டது. மேற்குப் பக்கத்து வேர்கள் மண்ணோடு பெயர்ந்து மேலே வந்துவிட்டன, கிழக்குப் பக்கத்து வேர்கள் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. தலை போய் வெங்கடம்மா வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தம்மா மூன்று நாளாகக் குனிந்து குனிந்துதான் தன் வீட்டுக்குள் போகிறார், ஒவ்வொரு தடவையும் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார், திட்டுகிறாரா மந்திரமா என்று நான் கேட்கவில்லை. கண் திருஷ்டி, பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று மட்டும் தமிழில் சொன்னார். காய் பிடித்த கனமும் மழையில் ஊறிய மண்ணும் காற்றும் சேர்ந்தால் விழாமல் என்ன செய்யும் என்றேன், அதுக்குப் பேருதான் திருஷ்டி என்று முடித்துவிட்டார்.

தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வேப்பனப்பள்ளியில் தோப்பு வைத்திருக்கும் உன் திம்மப்பன் பெரியப்பாவையும் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். கிளையில் பாதிக்கு மேல் வெட்டிப் பாரத்தைக் குறைக்க வேண்டும், காய் ஒன்றுகூட இருக்கக் கூடாது, குழியை ஆழப்படுத்திக்கொண்டு மெதுவாகத் தூக்கி முட்டுக் கொடுக்க வேண்டும், அதுவரை வேர் காயக் கூடாது. வேர் காயாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது நான்தான். உன் அப்பா என்ன செய்கிறார் தெரியுமா. காய்க்குத் தலையணை வைத்துக்கொண்டிருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தரையில் படும் கிளைகளுக்குக் கீழே உன் அறையிலிருந்த இரண்டு தலையணை, பழைய சோபா பஞ்சு, எல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறார், காயில் அடிபட்டுவிடக் கூடாதாம். மழை வந்தபோது தலையணைக்கு பாலிதீன் சுற்றினார்.

கிளையை வெட்டலாம் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். இருபத்தேழு வருஷமாகக் கம்பெனி மெயின்டனன்ஸில் இருப்பவருக்கு இது மரமில்லை, சாய்ந்துபோன மெஷின். தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் கோணம் அளந்தாயிற்று. நாளை ஞாயிற்றுக்கிழமை வீக்லி ஆஃப், அவரோடு வேலை செய்யும் விமல்ராஜும் இன்னும் இரண்டு பையன்களும் பாரம் தூக்குகிற செயின் பிளாக் கொண்டுவந்து, முழுக் காயோடு மரத்தை நேராக நிறுத்தப் போகிறார்களாம். எட்டு டன் மோட்டாரையே தூக்கி வெச்சிருக்கோம், இது என்னக்கா என்கிறான் விமல்ராஜ். மோட்டாருக்கு மண்ணுக்குள் வேர் கிடையாதுப்பா என்றேன், சிரிக்கிறான். செயின் பிளாக்கை எதில் கட்டுவீர்கள் என்று கேட்டால் போர்டிகோ தூணைக் காட்டினார் உன் அப்பா. மரம் நிற்குமோ இல்லையோ, தூண் கட்டாயம் விழும் என்று சொன்ன பிறகுதான் மூன்று இரும்புக் குழாயைச் சேர்த்துக் கட்டி முக்காலி போடுவதாக ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு பிடிவாதமும் எதற்கு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் மரம் எப்போதும் பிந்தித்தான் பழுக்கும், ஜூன் இரண்டாம் வாரம் நீ வரும்போது சரியாக இருக்கும் என்று அவர் பூ விட்ட நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வரப்போவதில்லை என்பதை என்னிடம் மட்டும் மெசேஜில் சொல்லிவிட்டு, அப்பாகிட்ட நானே சொல்றேன் என்றாய். பதினைந்து நாளாகிறது. வேலை மாறினாய், புதுக் கம்பெனியில் இப்போதைக்கு லீவு கிடையாது, அதெல்லாம் உன் முடிவு, நான் குறை சொல்லவில்லை. அவர் ஒரே கம்பெனியில் காலம் தள்ளியவர், நீ விட்டுவிட்டு வந்த அந்த வேலையின் பெயரை ஷிஃப்டில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், அவரிடம் சொல்ல உனக்குத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் உன் தயக்கத்துக்கு இங்கே ஒரு மரம் காய்ந்துகொண்டிருக்கிறது. நேற்று நீ பேசியபோதுகூட, அப்பா காயை பத்திரமா பாத்துக்கோங்க என்றாய். அதைக் கேட்டு அவர் இன்னொரு தலையணை எடுத்துக்கொண்டு போனார். இன்று ராத்திரிக்குள் சொல்லிவிடு என்று உனக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், பார்த்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை.

ஞாயிறு மாலை

நேற்று எழுதியதை அனுப்பவில்லை. நீயும் கூப்பிடவில்லை. இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

காலையிலேயே விமல்ராஜ் ஆட்களோடு வந்துவிட்டான். அடிமரத்துக்கு டயர் டியூப் சுற்றி பெல்ட் போட்டு, முக்காலியில் செயின் பிளாக்கை மாட்டி இழுத்தார்கள். இடுப்பு உயரம் வரை எழுந்தது. பிறகு மண்ணுக்குள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது, நல்லபடியாக இருந்த கிழக்குப் பக்கத்து வேர் அது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். அண்ணே, லோடு ஜாஸ்தி, காயை இறக்கிடலாம் என்று விமல்ராஜே சொன்னான். உன் அப்பா, இழுடா, நிக்கும் என்றார்.

நான் அவரைக் குழாயடிக்குக் கூப்பிட்டு, ப்ரியா ஜூனில் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, யோசிக்க நேரமும் இல்லை, மரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உனக்கு எப்பத் தெரியும் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார், போய் மரத்தைக் கீழே இறக்கச் சொன்னார், ரம்பம் கேட்டார்.

முதல் கிளையை அவரே அறுத்தார். தலையணை வைத்த கிளைதான். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை, போதும், இலை கொஞ்சம் இருக்கட்டும் என்று நான்தான் ரம்பத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. காய்கள் இன்னும் முற்றவில்லை. வெங்கடம்மா ஊறுகாய்க்கு ஒரு அன்னக்கூடை நிறைய எடுத்துக்கொண்டார், பையன்கள் ஹெல்மெட்டில் போட்டுக்கொண்டு போனார்கள், நம் வீட்டுக்கு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார் அப்பா. மத்தியானத்துக்கு மேல் மறுபடி தூக்கினார்கள், இந்தத் தடவை மெதுவாக. முறிந்த வேரைச் சுத்தமாக வெட்டிவிட்டு மண் தள்ளி மிதித்தோம். இரண்டு இரும்புக் குழாய் முட்டோடு கொஞ்சம் சாய்ந்த மாதிரி நிற்கிறது, பார்க்க மொட்டையாக இருக்கிறது.

அவருக்குக் கோபம் உன்மேல் இல்லை, என்மேல். சாயங்காலம் அவரே டீ போட்டுக்கொண்டார், ஒரு டம்ளர் மட்டும். வேலை மாறியதை நான் சொல்லவில்லை, லீவு இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அது நீ சொல்ல வேண்டியது. இன்று ராத்திரியே கூப்பிடு, என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்குக் கூப்பிடு. நடுவில் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, புது இடத்தில் முதல் மாதமே ராத்திரி பகலாக உழைத்துப் பெயர் வாங்க நினைக்காதே. எடுத்த வேலை உனக்கு நல்லபடியாக அமையட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா