“தெரியாதுங்க” என்று சொன்ன அண்ணனுக்கு

அண்ணா,

இன்று காலை பீரோவின் மேல்தட்டை ஒழித்தபோது, உறைகூடப் பிரிக்காத பொன்னாடை ஒன்று கையில் வந்தது. பாச்சா உருண்டை வாசம். சரிகை கறுத்துக் கிடந்தது. “இது யாருக்கு வாங்குனதுங்க அத்தை?” என்றாள் மருமகள். உங்களுக்கு என்று சொல்லாமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். நீங்கள் படித்துப் படித்து டெல்லிக்கே போய்விட்டீர்கள். நம் நாட்டில் அணுசக்தி வேலைகள் தொடங்கிய காலத்தில், எதை எங்கே அமைக்கலாம், ஊருக்கு எதைச் சொல்லலாம் என்று சர்க்காருக்கு யோசனை சொன்னவர்களில் நீங்களும் ஒருவர். அதை நான் ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொன்னேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து எங்களோடு தங்கினீர்களே, அப்போது ஒருநாள், “அணுன்னா என்னங்ணா?” என்று கேட்டேன். “கண்ணுக்குத் தெரியாதது அம்மணி. அதனாலதான் நாங்க சொன்னதை எல்லாரும் நம்புனாங்க” என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அதன்பிறகுதான் என் மகன் ஊத்துக்குளிப் பக்கம் இடம் வாங்கிச் சாயப்பட்டறை போட்டான். பனியன் துணி ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த நேரம். சாயத்தண்ணீரை ஓடைப் பள்ளத்தில் விட்டால் கிணறு கெட்டுவிடுமோ என்று அக்கம்பக்கத்துத் தோட்டத்தார் பயந்தார்கள். எருமை வைத்து வெண்ணெய் விற்கிற பாவாத்தாளின் கிணறு பள்ளத்தை ஒட்டியே இருந்தது. “எங்க மாமா வந்து சொல்லட்டுங்க. அவர் சொன்னா ஒத்துக்குவீங்கல்ல?” என்றான் மகன். எல்லாரும் தலையாட்டினார்கள். “அணுகுண்டையே பாத்தவரு, சாயத்தண்ணியவா தெரியாதும்பாரு?” என்று ஒரு பெரியவர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் போய் வாங்கியதுதான் இந்தப் பொன்னாடை.

திறப்பு நாளில் பாய்லரைப் பற்ற வைக்க வேண்டியவர் தாய்மாமனான நீங்கள். தீப்பெட்டியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, “ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டுப் பத்த வெச்சிருங்க மாமா” என்றான் மகன்.

நீங்கள் பாவாத்தாளைப் பார்த்தீர்கள்.

“எனக்குத் தெரியாதுங்க.”

அதோடு நீங்கள் நிறுத்தவில்லை.

“டெல்லில ஒரு எடத்தைக் காட்டி, இங்க ஆலை போடலாமான்னு கேட்டாங்க. அங்க இருக்கற சனங்களை ஒரு வார்த்தை கேக்கோணுமான்னு பேச்சு வந்துச்சு. வேண்டாம்னு சொன்னவன் நாந்தானுங்க. கேட்டாப் பயந்துக்குவாங்கன்னேன். அங்க கெடுதல் வந்ததுன்னு சொல்லலீங்க. அவங்க எந்தத் தண்ணியக் குடிக்கறாங்கன்னே தெரியாம, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். இன்னொருக்கா அதைச் சொல்ல மாட்டேன்.”

மகன் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, “மாமாவுக்கு வயசாயிருச்சுங்க. டெல்லிக் குளிரு மண்டைக்குள்ள பூந்துக்கிச்சு” என்றான். கூட்டமும் சிரித்தது. பாவாத்தாள் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, உங்கண்ணனுக்குப் புத்தி கலங்கீருச்சுங்களா?”

நான் தாம்பாளத்துச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே இருந்தேன். வேறு யாரோ பாய்லரைப் பற்ற வைத்தார்கள். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் பஸ் ஏறப் போனீர்கள். நம் மானத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டுப் போகிறாரே என்றுதான் அன்றைக்கு வெட்கப்பட்டேன், அண்ணா.

எங்கள் வீட்டை விட்டுப் போய்க் கோயமுத்தூரில் வாடகை அறையில் நீங்கள் நோயில் படுத்திருந்தபோது கேட்டேன்: “எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?” கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள்: “தனியாச் சொன்னா நீ மூடி வெச்சுக்குவ அம்மணி.”

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு பட்டறை வளர்ந்தது. மாடி எழும்பியது, கார் வந்தது, பேரன் பேத்திகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனார்கள். பள்ளத்தில் ஒருநாள் சிவப்பு ஓடும், ஒருநாள் நீலம் ஓடும்.

போன மாதம் பேத்தி கல்யாணத்துக்கு அழைக்கப் பாவாத்தாள் வீட்டுக்குப் போனேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்த பிறகுதானே மற்ற பேச்சு? அவள் கலர் சோடா பாட்டில் ஒன்றை உடைத்துக் கொண்டுவந்தாள்.

“இது எதுக்கு? தண்ணியே போதுமே” என்றேன்.

“எங்க கெணத்துத் தண்ணிய உங்களுக்கு எப்படிங்க குடுக்கறது? லாரித் தண்ணி நாளைக்குத்தான் வருமுங்க.” குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கொட்டத்தில் ஒரே ஒரு எருமை நின்றது. அதன் தொட்டியும் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. “பாவாத்தா, எங்கண்ணனுக்குப் புத்தி கலங்குலீங்க. தெளிவாத்தான் சொன்னாரு.”

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

கையிலிருந்த கலரை என்னால் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. இன்னமும் அப்படியேதான் நிற்கிறேன், அண்ணா.