படையலில் வைக்காத வல்லாரை

கூப்பிட்டதும் "என்னா புள்ள?" என்று எட்டிப் பார்க்கும் என் பிரியமான அண்ணனுக்கு,

நேற்று உங்கள் திதி. உங்களுக்கு வைத்த படையலை நான் கலைத்துவிட்டேன். லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் வாயால் நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணி எல்லாம் உங்கள் நாக்குக்குத் தக்கபடிதான் செய்திருந்தார்கள். சோறு, ரொட்டி, கட்டச் சம்பல், பூசணிக்காய்க் கறி. நடுவில் ஒரு குவியல் வல்லாரை, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுச் சுண்டியது. நம் ஓடைக்கரையில் பறித்த வல்லாரை.

அந்த ஓடை உங்களுக்குத் தெரியாததா? தேயிலைச் செடியின் வாதுகளைத் துளைக்கிற வண்டுக்கு என்று புது மருந்து வந்தது. தண்ணீரில் கலந்தால் பாலாக வெளுக்கும். நீங்கள் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மலை மலையாக அடித்தீர்கள். வேலை முடிந்தால் டாங்கியை நம் லயத்துக்கு மேலே, ஓடையில்தான் கழுவ வேண்டும் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கட்டளை. பங்களாவுக்குத் தண்ணீர் போகிற பீலிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. துரைக்குப் போவது தண்ணீர், நமக்கு வருவது கழுநீர். த்தூ!

முதலில் நண்டுகள் மல்லாந்து மிதந்தன. பிறகு தவளைச் சத்தம் நின்றது. வல்லாரை மட்டும் சாகவில்லை, முன்னைவிடக் கொழுகொழுவென்று படர்ந்தது. அரிக்க ஒரு பூச்சி இல்லையே! நாமும் அதைப் பார்த்து மகிழ்ந்துபோய், போட்டி போட்டுக்கொண்டு பறித்தோம். "எலையப் பாரு புள்ள, ஒரு ஓட்ட இல்ல. நம்ம மருந்து கீரையையும் காப்பாத்துது" என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள். பூச்சி தின்னத் துணியாததை நாம் சோற்றில் பிசைந்து தின்றோம்.

அப்புறம் உங்கள் விரல்கள் துடிக்க ஆரம்பித்தன. தேத்தண்ணியைத் தூக்கினால் பாதி மடியில் சிந்தும். பிறகு வலிப்பு வந்தது. கடைசியில் ஒருநாள் டாங்கியோடு மலையிலேயே விழுந்தீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்று பார்த்துவிட்டு, "சாராயம் கூடிப்போச்சு" என்றார். சாராயத்தை வாயில் வைக்காத உங்களை!

உங்கள் உடலைக் குளிப்பாட்டும்போது மஞ்சள் தேய்த்தோம், சவுக்காரம் போட்டோம். அந்த மருந்து நாற்றம் போகவே இல்லை. அது தோலில் ஒட்டியிருக்கவில்லை அண்ணே, உள்ளே குடியேறியிருந்தது. இந்த நாடு பிரஜாவுரிமை தராமல் நம்மைத் தன் ஆட்களில்லை என்று சொல்லிவிட்டது. மருந்து மட்டும் நம்மை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

உங்கள் மகள் செல்வி இப்போது வாயாடி. உங்களைப் போலவே வல்லாரை இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. போன வாரம் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினாள். கை துடித்து, சட்டையெல்லாம் சிந்திவிட்டது. அண்ணி, "குளிருல நடுங்குது" என்றார்கள். நான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

அவள் டாங்கி சுமந்தாளா? மருந்து கலக்கினாளா? அந்தத் துடிப்பு எந்த வழியாக அவளுக்குள் போனது? கீரையிலா, அண்ணி கொடுத்த தாய்ப்பாலிலா? யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்றுக் கற்பூரம் காட்டி முடித்ததும், வழக்கப்படி முதல் பிடி செத்தவர் பிள்ளைக்கு. அண்ணி சோற்றில் அந்த வல்லாரையைப் பிசைந்து செல்வியின் வாய்க்குக் கொண்டுபோனார்கள். நான் கையைத் தட்டிவிட்டேன். இலையோடு வாரி அடுப்பில் போட்டேன்.

"அடிப் பாவி! அவரு பசியோட போவாரே!" என்று அண்ணி அலறினார்கள்.

"போகட்டும் அண்ணி. இவளையும் கூட்டிக்கிட்டுப் போகாம இருந்தாச் சரி."

சொன்ன பிறகு என் வாயே எனக்குக் கசந்தது. அண்ணி செல்வியின் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று காலை பெரட்டில் பேர் கொடுக்கப் போவதற்கு முன்னால் நான் ஓடைக்கரைக்குப் போனபோது, அண்ணி எனக்கு முன்பே அங்கே நின்றார்கள், மண்வெட்டியோடு. இரண்டு பேருமாக வேரோடு பிடுங்கினோம். சேற்றைக் கிளறக் கிளற உங்களைக் குளிப்பாட்டிய அன்று அடித்த அதே நாற்றம். "இத எங்க புள்ள கொண்டுபோய் போடுறது?" என்று கேட்டார்கள். ஆட்டுக்குப் போட்டால் பாலில் வரும். புதைத்தால் மண்ணில் இருக்கும். ஓடையில் விட்டால் கீழ் லயத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கரையிலேயே குவித்துவிட்டு வந்தோம். இன்னும் பச்சையாகத்தான் கிடக்கிறது.

நாளைக்குச் செல்வியை ராகலையிலிருந்து பஸ் பிடித்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். குளிர் என்று சொல்லி யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது. அடுத்த திதிக்கும் இலை போடுவேன் அண்ணே. ரொட்டி இருக்கும், சம்பல் இருக்கும். நீங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் வல்லாரை இருக்காது. உங்கள் மகள் கோப்பையைச் சிந்தாமல் தூக்கும்வரை அவள் கையை நான் விட மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்களைப் பசியோடு திருப்பி அனுப்பிய
உங்கள் தங்கச்சி,
மாரியாயி