கெதியாய் ஆட்டினால் கெதியாய்ப் போகுமா, அக்கா?

என் பேச்சை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்த ஆட்டைத்திவசத்து நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அத்தான் கேட்டிருந்தார். மலர் அச்சாகி, வந்தவர்களின் கைகளுக்கும் போய், திவசமும் முடிந்துவிட்டது. என் பக்கம் மட்டும் அதில் இல்லை. பிள்ளை எழுத விடுகிறானில்லை என்று அத்தானுக்குச் சாட்டுச் சொன்னேன். உண்மை என்னவென்றால், உங்களைப் புகழ்ந்து நாலு வரி எழுத எனக்கு முகம் இருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு பிந்தி, எல்லோரும் படிக்கிற இடத்தில் வருகிறது.

முதலில் நல்ல செய்தி. என் சின்னவன் நடக்கிறான். விழுந்தால் அழுவதில்லை, நான்தான் அழுகிறேன். அவன் நித்திரையாகிவிட்டால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று இன்னும் பார்க்கிறேன். நீங்கள் இருந்தால், "அவன் மூச்சு விடுவான், நீ முதல் விடு" என்று பேசியிருப்பீர்கள்.

நெல்லியடியில் நீங்கள் நடத்திய உயர்தரப் பௌதிகவியல் ரியூசன் வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். பிள்ளைகள் நடுவழியில் நிற்கிறார்கள், நீ பார் என்று அத்தான் கேட்டபோது, பட்டம் இருக்கிறதே, என்ன பெரிய கஷ்டம் என்று ஓம் சொன்னேன். உங்கள் மகள் ஆரணியும் அந்த வாங்குகளில் ஒன்றில் இருக்கிறாள். வீட்டில் நான் அவளுக்குக் குஞ்சம்மா, வகுப்பில் ரீச்சர்.

அலைகள் பாடம் தொடங்கினால் நீங்கள் வகுப்பின் நீளத்துக்கு ஒரு தடித்த கயிற்றை இழுத்துக் கட்டுவீர்கள். ஆட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பீர்கள். கயிற்றைச் சுண்டினால் எழும்பும் மேடு அந்தப் பக்கம் கெதியாய், இன்னும் வேகமாய்ப் போய்ச் சேர என்ன செய்யவேண்டும்? ஒவ்வொருவரும் கையை உயர்த்தி ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தேயாக வேண்டும். சரி, பிழை எதுவும் உங்கள் வாயிலிருந்து வராது. அவர்கள் தங்களுக்குள் வாதாடிப் பிடுங்குப்பட்டு ஓய்ந்த பிறகுதான் கயிறு ஆடும்.

எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது, அக்கா. கயிறு ஆட்டுகிற நேரத்தில் இரண்டு பழைய வினாத்தாள் செய்துவிடலாமே? சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதினேன், எண்களைப் போட்டுக் காட்டினேன், பிள்ளைகள் கொப்பியில் இறக்கினார்கள். எல்லோரும் நல்ல புள்ளி எடுத்தார்கள். உங்கள் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சின்னவனின் துணி காயப்போடக் கொடியாகக் கட்டிவிட்டேன்.

போன மாதம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. இழுத்துக் கட்டிய கயிற்றின் ஒரு முனையைக் கை இன்னும் வேகமாக ஆட்டினால், துடிப்பு, அதாவது அந்த மேடு, மறுமுனைக்குப் போய்ச்சேரும் நேரம் என்னவாகும்? நான் யோசிக்கவே இல்லை. வேகம் என்பது மீடிறனையும், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதையும், அலைநீளத்தையும் பெருக்கி வருவது. கை வேகமாக ஆடினால் மீடிறன் கூடும், ஆகவே வேகமும் கூடும், நேரம் குறையும். அப்படியே பலகையில் எழுதினேன்.

ஆரணி எழும்பினாள். "ரீச்சர், நேரம் மாறாதெல்லோ? கயிறும் அதேதான், இழுவையும் அதேதான். அலைநீளம்தானே குறையும்?"

"உமக்கு ஆர் சொன்னது?"

"அம்மா வகுப்பிலை செய்து காட்டினவ."

"இது அம்மாவின்ரை வகுப்பில்லை. இருந்து எழுதும்."

பின்வரிசை வாங்கில் இருக்கும் கஜன், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன், "குஞ்சம்மாவுக்கே கிளாஸ் எடுக்கிறா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா, நானும் சிரித்தேன் என்பதை நீங்கள் என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. தலையிடி என்று அத்தான் சொன்னார். நான் நம்புவதுபோல் இருந்தேன்.

பிறகு ஒரு காலை, துணி காயப்போட்டுக்கொண்டு நின்றபோது கொடியில் காகம் எச்சமிட்டுவிட்டது. அதை உதற ஒரு சுண்டுச் சுண்டினேன். சிறு மேடு ஒன்று எழும்பி மற்றத் தூண்வரை ஓடியது. ஆரணியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. துணியையெல்லாம் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு இன்னும் வேகமாகச் சுண்டினேன். மேடு ஒடுங்கியது, ஓட்டம் மாறவில்லை. பலமாக உயர்த்தி அடித்தேன். மேடு உயர்ந்தது, அதே ஓட்டம்தான். கயிற்றை இறுக்கி இழுத்துக் கட்டியபோது மட்டும் சட்டென்று போனது.

"என்னப்பா செய்யிறீர்? பிள்ளையின்ரை துணி முழுக்க மண்ணிலை கிடக்கு" என்று இவர் ஓடிவந்தார்.

"நான் பிழையாய்ப் படிப்பிச்சிட்டன்."

"அதுக்குத் துணி என்ன பாவம் செய்தது?"

மண்ணில் குந்தியிருந்து துணிகளைப் பொறுக்கினேன். கயிற்றில் அலையின் வேகம் இழுவையையும் கயிற்றின் பாரத்தையும் பொறுத்தது என்ற சமன்பாடு எனக்கு மனப்பாடம். அதை வைத்து எத்தனை கணக்குச் செய்திருப்பேன்! ஆனால் பந்தைப் பலமாக எறிந்தால் கெதியாய்ப் போவதுபோலத்தான் அலையும் என்று என் கை நம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. சரியான சமன்பாட்டுக்குப் பின்னால் அந்தப் பிழை இத்தனை வருடம் சுகமாக ஒளிந்திருந்திருக்கிறது. ஒருவரும் அதை வெளியே வரச்சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் ஏன் முதலில் கையை உயர்த்தச் சொன்னீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனதில் இருக்கும் பிழை வாய்விட்டு வெளியே வராவிட்டால், கயிறு ஆடினாலும் கண் அதைக் காணாது.

போன வருடம் என் குறிப்பைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதிவிட்டுப் போன பிள்ளைகளை நான் இனி எங்கே தேடிப் பிடித்துச் சொல்வேன்?

அன்று பின்னேரமே கரவெட்டிக்கு, உங்கள் வீட்டுக்குப் போனேன். ஆரணி முற்றத்தில் நின்றாள். நான் சொன்னது பிழை, நீ சொன்னதுதான் சரி என்றேன். அவள் முகத்தில் ஒரு சந்தோசமும் வரவில்லை.

"நீங்கள் பிழை விட்டதுக்கு எனக்குக் கோவமில்லை, குஞ்சம்மா. அம்மாவும் பிழை விடுறவ."

"பின்னை ஏன் பிள்ளை வராமல் விட்டனீ?"

"எல்லாரும் சிரிக்க, நானும் என்ரை விடையை வெட்டிப்போட்டு உங்கடையை எழுதினனான். அம்மா எங்களுக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டாவோ எண்டு யோசிச்சனான். அம்மாவிட்டைக் கேக்கவும் ஏலாதெல்லோ?"

அக்கா, நீங்கள் இல்லாத வீட்டில், உங்கள் பிள்ளைக்கு உங்கள் சொல் ஒன்று மிச்சம் இருந்தது. அதை நான் ஒரு பகல் வகுப்பில் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றேன்.

"எனக்கு மட்டும் சொல்லி என்ன செய்ய? அவையளுக்கு முன்னாலை சொல்லுங்கோ."

சனிக்கிழமை வகுப்பின் நீளத்துக்கு இரண்டு கயிறுகள் கட்டினேன், ஒரே கயிற்றை வெட்டி எடுத்தவை. தூர முனைகளை யன்னல் கம்பிக்கு மேலாகப் போட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றிய போத்தல்களைத் தொங்கவிட்டேன். இழுவை இரண்டிலும் ஒன்றுதான். ஆரணி பிந்தி வந்து வாசலோடு நின்றாள்.

"கெதியாய் ஆட்டினால் கெதியாய்ப் போகும் எண்டு நினைக்கிறவை கையை உயர்த்துங்கோ."

ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. நானும் என் கையை உயர்த்தினேன். "போன மாதம் நானும் இந்தப் பக்கம்தான். ஆரணி மாறிச் சொன்னவ, நான் அவவை இருத்திப்போட்டன். இப்ப பாருங்கோ" என்றேன்.

ஒரு கயிற்றைக் கஜன் பலம் கொண்ட மட்டும் அடித்தான். மற்றதை அதே கணம் ஒரு பிள்ளை மெல்லச் சுண்டினாள். இரண்டு போத்தலும் ஒன்றாகத் துள்ளின.

"கள்ளக் கயிறு" என்றான் கஜன். "திருப்பி ஒருக்கா."

திருப்பியும் ஒன்றாகத்தான். கயிறுகளை மாற்றிப் பிடித்தான், அப்போதும் அதேதான். எனக்கு விடையைச் சொல்லிவிட நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. கஜன் கயிற்றைக் கையிலிருந்து விட்டான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, இந்த முறை பகிடி இல்லாமல், "ஏன் ஆரணி அப்பிடி?" என்று கேட்டான்.

அவள் உள்ளே வந்தாள். "அம்மா சொன்னவ…" என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "இல்லை, நானே சொல்லுறன்" என்றாள்.

என் வெட்கம் போய்விடவில்லை, அக்கா. போகவும் வேண்டாம். ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். இனி ஒரு பிள்ளை எழும்பி "இல்லை ரீச்சர்" என்று தொடங்கினால், சொல்லி முடிக்கும்வரை நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.

உங்கள் தங்கச்சி,
ஆரணி இன்னும் குஞ்சம்மா என்று கூப்பிடுகிறவள்.