இல்லாத மருந்துக்குப் பூஜ்யம்

திங்கள், 9
காலையிலிருந்து மழை. மருந்தறையில் ஒழுக்கு, வாளி வைத்தாயிற்று. அடுத்த வருட மருந்து எஸ்டிமேட் வெள்ளிக்கிழமை போக வேண்டும். முறை: போன வருடம் கொடுத்ததைப் பார், கொஞ்சம் கூட்டு. யாருக்கு என்ன நோய் என்று எவனும் கேட்பதில்லை. இந்தக் கூட்டலுக்குத்தான் நான் பார்மசி படித்தேன்.

தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் கொழுந்தெடுக்கும் செல்வமணி அக்கா வந்தார். வலிப்பு மாத்திரை. கொடுத்தேன். “போன வருசம் மாதிரி இல்லன்னு சொல்லிராதீங்க தம்பி. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு போனா அன்னைக்கு பேர் போட மாட்டாங்க, கூலி போயிரும்.”

வாங்க: பால்மா, டோர்ச் பெட்டரி.

செவ்வாய், 10
மருந்துக் குழு. அதாவது டாக்டர், தலைமைத் தாதி, கிளார்க், நான், தின்ன ஒரு தட்டு மாலு பாண். இருமல் சிரப்புக்கு முக்கால் மணி நேரம். எதையும் குணமாக்காது. இனிப்பு. கொடுக்காவிட்டால் சனம் சண்டைக்கு வரும், ஆகவே கூட்டினார்கள். வலிப்பு மாத்திரைக்கு ஒரு நிமிடம். போன வருடம் ஆறு மாதம் பூஜ்யம் என்று கிளார்க் வாசித்தான். தேவையில்லை போல, வெட்டுவோம் என்றார் டாக்டர். மருந்தே வரவில்லை, எப்படிக் கொடுப்பது என்றேன். அப்படி எழுதியிருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். மடையர் கூட்டம்.

புதன், 11
பதிவேட்டை எடுத்தேன். வழங்கியது: 0. பக்கத்துக் கட்டத்தில் ‘கையிருப்பில் இல்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். காலி. ஆறு மாதமும் காலி. கையெழுத்து என்னுடையது.

சாப்பிடவில்லை. எரிச்சல்.

வியாழன், 12
ஒரே வழி நோயாளிகள் கையில் வைத்திருக்கும் கிளினிக் கொப்பி. மருந்து இல்லாத நாளில் அதிலாவது ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். பின்னேரம் மடுவத்துக்குப் போனேன், கொழுந்து நிறுக்கும் நேரம். செல்வமணி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன், என் பிழை உட்பட. அந்த ஆறு மாதம் மிச்சமிருந்த மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்து, முடியும் வரை போட்டாராம். வடிகானுக்குள் விழுந்த தழும்பைக் காட்டினார், முழங்கையில்.

“விழுந்து கெடந்தப்ப குடிச்சிருக்கேன்னு சொன்னாரு கங்காணி. நீங்க ஒரு வார்த்தை எழுதலியாக்கும்.”

கொப்பியைக் கொடுத்தார். வலிப்பு மாத்திரை எடுக்கும் மற்றவர்களையும் கூப்பிட்டுவிட்டார். மொத்தம் ஏழு.

வெள்ளி, 13
ஏழு கொப்பியையும் டாக்டர் மேசையில் வைத்தேன். புரட்டினார். எத்தனை பேர் என்று கேட்டார். இந்தக் குழுவில் அந்தக் கேள்வி வந்தது இதுதான் முதல் தடவை. ஏழு என்றேன். வராமலே நின்றுபோனவர்களும் இருப்பார்களே என்றார் பக்கத்தில் நின்ற தலைமைத் தாதி. கொப்பி இருந்தால் எழுதலாம் என்றார் டாக்டர். ஏழு பேருக்கு எழுதினார். சிரப்பில் ஒரு போத்தல்கூடக் குறையவில்லை.

இரண்டு மணிக்குப் படிவம் போனது.

மூன்று மணிக்கு ரப்பர் பிரிவிலிருந்து ஒருவர், நனைந்துகொண்டு. செல்வமணி அக்கா சொல்லி அனுப்பினாராம். சட்டைக்குள்ளிருந்து தன் கிளினிக் கொப்பியை எடுத்தார்.