சம்பந்தியம்மாவுக்கு ஒரு சொல்

அன்பு மகள் பட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிற அளவுக்கு நலம், நீங்கள் எல்லோரும் அங்கே நன்றாயிருக்க வேண்டும். ஃபோனில் எனக்குக் கோர்வையாக வராது என்பதால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை: 1. அம்மாவின் இதய ஆபரேஷன். 2. நீ கேட்ட சொல். 3. உன் மாமியாரின் அழுகை நடிப்புதான், பார்க்க ஆளில்லையென்றால் நின்றுவிடும் என்பது.

அம்மா இன்னும் மாட்டேன் என்றுதான் சொல்கிறாள். தாமதித்தால் ஆபத்து என்கிறார் டாக்டர். வற்புறுத்த எனக்குத் தைரியமில்லை, மாத்திரையை நீட்டிவிட்டு நிற்கிறேன். அடுத்து, இதைக் கேட்டதும் உன் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார் என்றும், அதற்கு அவர் மொழியிலேயே ஒரு சொல் வேண்டும், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தனிக்குடித்தனம் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அகராதிகளைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் மெலோடிராமா, டிராமா குயீன், ஹிஸ்ட்ரியானிக், எல்லாமே நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவை. உன் மாமியாரின் போர்ச்சுகீசியத்தில் ‘ஃபஸேர் ஃபீட்டா’ என்கிறார்கள், ஃபீட்டா என்றால் ஃபிலிம் சுருள். நாம் ‘படம் காட்டாதே’ என்கிறோமே, அதேதான். ஒன்றையொன்று கேட்காமலே இரண்டு மொழிகள் ஒரே எரிச்சலில் ஒரே இடத்துக்கு வந்து நிற்பதை நினைத்து, பேனாவை மூடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை காலையில் எழுதியது. பிறகு நீ வீடியோவில் கூப்பிட்டாய், பேச்சின் நடுவே ஃபோனைச் சமையலறை அலமாரியில் சாய்த்துவிட்டு வாசலுக்குப் போனாய். நானாகத் துண்டிப்பது மரியாதையா என்று தெரியாமல் காத்திருந்தேன். உன் மாமியார் வந்தார், ஃபோனைக் கவனிக்கவில்லை. கதவைச் சாத்தி, அடுப்பைத் தணித்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார், நீ எழுதியதில் ஒன்று குறையாமல். ஆனால் சத்தம் வெளியே போகாதபடி வாயில் துணியை வைத்துக்கொண்டார். உன் அம்மாவின் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. எழுந்து குழம்பைக் கிண்டி ருசி பார்த்தார், மறுபடி உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய துக்கம் அந்தச் சின்ன அறைக்குள் எப்படி அடங்கியதோ, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “அந்தம்மாவும் நானும் நாலு வார்த்தை பேசினதில்ல, எனக்காகவா இப்படி? நீங்க இத்தனை வருஷத்துல ஒரு பெருமூச்சாவது விட்டிருக்கீங்களா?” என்றாள். பிறகு, “சரி, டாக்டர்கிட்ட தேதி கேளுங்க. அவங்கள ரொம்ப அழவிடக் கூடாது” என்றாள்.

தனி வீடு பார்ப்பது உங்கள் இஷ்டம், அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதே. அம்மா சம்மதித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து நீயே அவரிடம் சொல், அவர் சாய்வதற்குச் சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா

பி.கு. மேலே மூன்றாவதை நான் அடிக்கவில்லை, நீ படிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அது தவறு.