உப்பு தாங்காத ஈஸ்ட்

மார்ச் 4

ஈஸ்ட் மகாராணி அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். அம்மாவின் காலடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கால் தலையணை அளவு வீங்கிக் கிடப்பதால் எனக்கு ஓரமாகத்தான் இடம். சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளவில்லையாம். அதனால் சாப்பாட்டில் உப்புக்குத் தடை. என் சமையல் எப்போதுமே அப்படித்தானே! இப்போதுதான் டாக்டரே பாராட்டுகிறார்.

போனில் "நல்லா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். கடிதம் போடு. அம்மாவுக்குக் கண் மங்கல், நான் படித்துக் காட்டுகிறேன். எப்போது வருகிறாய்? இது அம்மா கேட்டது. நான் கேட்கமாட்டேன், ரோஷக்காரி.

உன் வாலு

மார்ச் 19

அடி வாலு,

அம்மாவுக்கு இதைப் படி. இங்கே ஆய்வகத்தில், மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டின் ஒரு மரபணுவோடு மல்லுக்கட்டுகிறேன். செல்லுக்குள் புகுந்த உப்பை வெளியே இறைக்கும் பம்ப்பை உண்டாக்குவது அதுதான். அதை எடுத்துவிட்டால், நாங்கள் ஈஸ்ட் வளர்க்கும் சாதாரணத் தட்டில் அது ஜம்மென்று வளரும். உப்புத் தட்டில் செத்துப்போகும். மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததும் கிளம்பிவிடுவேன். நடுவில் விட்டால் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து வாய் வலிக்கிறது. அம்மா சொன்னது அப்படியே: "பாவம்டி, என்னை மாதிரியே இருக்கு. அதுக்கு உப்பு போட வேணாம்னு அவகிட்ட சொல்லு." சொல்லிவிட்டேன்.

டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது "வழி விடுங்க, ஈஸ்ட் வருது!" என்று கத்துவேன். அம்மா சிரிப்பாள். நேற்று சிரிக்கவில்லை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்ல பெரியவங்க யாரும்மா?" என்றார். அப்பா போனபிறகு அது நீதானே. நான்தான் என்றேன்.

இது விளையாட்டு இல்லை அக்கா. வந்துவிடு.

வாலு

ஜூன் 2

அக்கா,

அன்று போனில் இருவரும் அழுததில் எதையும் சொல்ல முடியவில்லை.

மே மாதம் முழுக்க உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்து உட்காரப் பார்ப்பாள். பொறுக்காமல் ஒரு வெற்றுத்தாளைப் பிரித்து, உன் குரலில் நானே படித்தேன். மரபணுவைத் திருப்பிக் கொடுத்தாயாம். உப்புத் தட்டில் ஈஸ்ட் பிழைத்துக்கொண்டதாம். துள்ளிக் குதித்ததில் அலமாரியில் தலையை முட்டிக்கொண்டாயாம். டிக்கெட்டும் வாங்கியாச்சாம்.

தினமும் இப்படி ஒரு கடிதம். கடைசி நாள் சாயங்காலம் அம்மா என்னைப் பாதியில் நிறுத்தினாள். "உங்கக்கா இவ்ளோ ஜோக் அடிக்க மாட்டாடி."

தாளை மடிக்கப் போனேன்.

"பரவால்ல, படி. அந்த ஈஸ்ட் பொழைச்ச இடத்துலேர்ந்து படி."

படித்தேன். முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

கோபமா என்று கேட்டாய். தெரியவில்லை. ஆனால் அந்த ஈஸ்ட் நிஜமாகவே பிழைத்ததா இல்லையா என்று எனக்கு எழுதிவிடாதே. அம்மாவுக்கு நான் படித்ததே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை